ஷிக்கோக்குவுக்குச் சூடம் கொண்டுபோன கதை

சூடம் ஜப்பான்காரர்களிடமிருந்துதான் நமக்கு வருகிறது என்பது அங்கே போய்ச் சேரும்வரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மலாயாவின் குளுவாங்கிலிருந்து ஒரு டப்பா நிறையச் சூடத்தைச் சுமந்துகொண்டு கப்பலேறியிருக்க மாட்டேன். கோபே துறைமுகத்தில் சுங்க அதிகாரி டப்பாவைத் திறந்தார், முகர்ந்தார், பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம் தோட்டத்துக்கு ஒருவன் வெளியூரிலிருந்து ரப்பர்ப் பால் கொண்டுவந்தால் நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படி.

"இங்க இது துணிப் பெட்டிக்குள்ள போடறது. பூச்சிக்கு" என்றார் கூட வந்த மொரிட்டா துரை.

"எங்க ஊர்ல சாமிக்கு" என்றேன்.

அதிகாரி டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டார்.

குளுவாங்குக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான் கம்பெனித் தோட்டத்தில் நான் அப்போது டிரசராக இருந்தேன். காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, ஊசி போடுவது, தொழிலாளர் லயத்தில் பிரசவம் பார்ப்பது எல்லாம் என் வேலை. மொரிட்டா துரைதான் மானேஜர். ஒரு வருஷமாக அவரை மலேரியாக் காய்ச்சல் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. படுக்கையில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் ஷிக்கோக்குத் தீவின் கோயில்களுக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாராம். அந்தத் தீவைச் சுற்றி எண்பத்தெட்டு புத்தர் கோயில்கள் இருக்கின்றன. எந்த நேரமும் காய்ச்சல் திரும்பலாம் என்பதால் ஊசியும் கையுமாக ஓர் ஆள் கூட வேண்டியிருந்தது. ரப்பர் விலை விழுந்து பாதிக் காடு பால் வெட்டாமல் கிடந்த காலம் அது. டிரசர் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது என்று கம்பெனியும் விட்டுவிட்டது.

எனக்குத்தான் போக மனமில்லை. என் மனைவி மரகதம் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மூத்தது பிறந்த வாரமே போயிற்று. அடுத்தது முகம் பார்த்துச் சிரிக்கும்வரை இருந்துவிட்டுப் போயிற்று. ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்தி வாங்கிய நான் என் பிள்ளைகள் இரண்டையும் தோட்டத்து எல்லையில், பால்மரத்தடியில் புதைத்தேன்.

போகவில்லை என்று நான் சொன்னதும் மரகதத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"போய்ட்டு வாங்க. போன ரெண்டு வாட்டி இங்கயே இருந்து என்னத்தக் கிழிச்சீங்க?"

நான் மருந்துப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"யோங் பெங்லேருந்து அக்கா வந்து தொணைக்கு இருக்கும். அங்க கோயிலுக்கு மேல கோயிலா இருக்குன்னு தொரை சொல்றாருல்ல? ஒவ்வொரு கோயில்லயும் ஒரு கட்டி சூடம் ஏத்தி, புள்ள தங்கணும்னு கும்பிட்டு வாங்க. எந்தச் சாமியா இருந்தா என்ன லா. நம்ம சாமி ரெண்டு வாட்டி கேக்கல. அவராவது கேக்கறாரா பாப்போம்."

அப்படித்தான் அந்த டப்பா என்னோடு வந்தது.

கப்பலில் நான் பட்ட பாட்டைச் சொல்லி வாசகர்களுக்கும் குமட்டலை வரவழைக்க வேண்டாம். கோபேயில் இறங்கியபோது வசந்தகாலம் என்றார்கள். அவர்களுடைய வசந்தம் எனக்குப் பல்லைக் கிடுகிடுக்க வைத்தது. துரை கொடுத்த கம்பளிக் கோட்டுக்குள் நானும் எனக்குள் குளிருமாக இன்னொரு சிறிய கப்பலேறி ஷிக்கோக்குவில் கால் வைத்தோம்.

முதல் நாள் எங்களுக்கு வேஷம் கட்டினார்கள். வெள்ளைச் சட்டை, கோரைப்புல் தொப்பி, கையில் ஒரு கம்பு. பல நூற்றாண்டுகளுக்கு முன் அந்தத் தீவில் நடந்து திரிந்த ஒரு மகான் இந்தக் கம்பாக நம்மோடு கூடவே வருகிறாராம். அதனால் சாயங்காலம் விடுதிக்குப் போனதும் முதலில் கம்பின் அடியைக் கழுவித் துடைத்துவிட்டு, அப்புறம்தான் நம் காலைக் கழுவிக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பிரட்டில் கங்காணி ஆள் எண்ணுவதுபோல விடுதிக்கார அம்மாள் வாசலில் நின்று யார் கம்பைக் கழுவினார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொரிட்டா துரை தோட்டத்துக் கங்காணியிடம் தமிழ் கற்றவர். ஆகவே அவருடைய தமிழில் எல்லாரும் 'நீ'தான். என்னையும் நீ, ஆபீசுப் பெரிய கிராணியையும் நீ, ஒரு தீபாவளிக்குக் கும்பிட்டபோது மாரியம்மனையும் நீ. அதே மனிதர் விடுதிக்கார அம்மாளிடம் வளைந்து வளைந்து பேசுவதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தமிழிலும் 'நீங்க' என்று ஒன்று இருக்கிறது என்றேன்.

"அலமாக்! கங்காணி அத சொல்லிக் குடுக்கல" என்றார் துரை. இத்தனை வருஷமாகத் தாம் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்திருப்பார்போல. முகம் சிவந்துவிட்டது. அன்று முதல் என்னை 'நீங்க' என்று கூப்பிட்டார். விடுதி வேலைக்காரப் பெண் வளர்க்கும் பூனையையும் 'நீங்க' என்றார்.

சாப்பாடு: சோறு, பயற்று விழுதைக் கரைத்த சூப், உப்பில் ஊறிய ஒரு சிவப்புக் காய். அந்தக் காயை வாயில் போட்டதும் என் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. மிளகாய் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. மரகதம் கட்டிக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை நான் திருட்டுத்தனமாகத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். இரண்டாம் நாள் பார்த்தால் துரை கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, பெரிய மனித தோரணையில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த ஊருக்கு வந்தும் நாக்கு குளுவாங்கிலேயே நின்றுவிட்டது பாவம்.

அந்த ஊர்க் கிழவிகள் என்னைக் கண்டதும் கைகூப்பினார்கள். சிலர் குனிந்து என் நிழலையே வணங்கினார்கள். என்ன சங்கதி என்று விசாரித்தேன். புத்தர் பிறந்த நாட்டிலிருந்து ஒருவர் யாத்திரை வந்திருக்கிறார் என்று பேச்சுப் பரவியிருக்கிறது! நான் பிறந்தது குளுவாங் பக்கத்தில், ஒரு தோட்டத்து லயத்தில். இந்தியாவை இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. அதை அவர்களிடம் சொல்லும்படி துரையைக் கெஞ்சினேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார். அவர்கள் இன்னும் தாழக் குனிந்தார்கள். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாம் நாள், துரையால் நடக்க முடியாத தூரத்துக்கு நாங்கள் ஏறிய மோட்டார் பஸ் ஒரு வளைவில் சறுக்கி வயலில் இறங்கிவிட்டது. யாத்திரைக்காரர்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டையோடு சேற்றில் இறங்கித் தள்ளினோம். வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தாள். வயல் பாழானதற்குச் சண்டை பிடிக்கப் போகிறாள் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவளோ எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். யாத்திரைக்காரர்களுக்குக் கொடுப்பது புண்ணியம், அவர்கள் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்றார் துரை. தைப்பூசத்துக்கு நம் ஆட்கள் வழியில் நின்று மோர் கொடுப்பது நினைவுக்கு வந்தது.

அன்று மத்தியானம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கோயில் சின்னது. மழை தூறிக்கொண்டிருந்தது. புத்தருக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி வைக்க ஓர் இரும்புத் தாங்கி. நான் வழக்கம்போலச் சின்னப் பித்தளைத் தட்டில் ஒரு கட்டிச் சூடத்தை வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தேன். வயலில் இறங்கித் தள்ளியதில் நனைந்து ஊறிப் போயிருந்தது. தாங்கியில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. நம் கோயிலில் நாம் என்ன செய்வோம்? பக்கத்து விளக்கில் பற்றவைத்துக்கொள்வோம். கார்த்திகைக்கு ஒரு விளக்கிலிருந்துதானே வீடு முழுக்க விளக்கு ஏற்றுகிறோம்? ஓர் ஊதுவத்தியை அந்த மெழுகுவத்தியில் காட்டி, அதில் சூடத்தைப் பற்றவைத்தேன். கண்ணை மூடி, பிள்ளை தங்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரையின் முகம் வெளுத்திருந்தது.

"டிரசர், என்ன பண்ணிட்டீங்க? இங்க அடுத்தவங்க மெழுகுவத்திலேருந்து நெருப்பு எடுக்கக்கூடாது. அவங்க கெட்டகாலம் நெருப்போட சேந்து உங்களுக்கு வந்துடும்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும், கெட்டகாலம் எப்படித் தொற்றும் என்று அவரிடம் டிரசர் தோரணையில் கேட்டேன். துரை திரும்பி நின்றார். கோயில் வளாகத்து ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே வரிசையாகக் குழந்தை உயரத்தில் கல் பொம்மைகள் நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புத் துணி. செத்துப்போன குழந்தைகளுக்காகத் தாய்மார் கட்டுவது என்று முந்தின நாளே துரை எனக்குச் சொல்லியிருந்தார். வெள்ளை உடுத்திய ஒரு பெண் மழையில் மண்டியிட்டு ஒரு பொம்மைக்குத் துணி கட்டினார். மூட்டையிலிருந்து இன்னொன்றை எடுத்து அடுத்ததற்குக் கட்டினார். பிறகு இன்னொன்று.

தாங்கியில் எரிந்த மெழுகுவத்தி அவருடையது.

என் சிரிப்பு அதோடு நின்றது. தட்டில் சூடம் எரிந்து தீர்ந்திருந்தது. சூடம் சாம்பல்கூட வைப்பதில்லை.

அன்று மாலை அந்த அம்மாளும் எங்கள் விடுதிக்கே வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். நடந்த விஷயம் யாரோ சொல்லி அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. எங்கள் அறை வாசலில் பாயில் நெற்றி படக் குனிந்தார். எழுந்திருக்கவே இல்லை. தம்முடைய மெழுகுவத்தி அங்கே எரிந்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்றார் துரை. நெருப்பை எடுத்தவன் நான். மன்னிப்புக் கேட்பவர் அவர். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவர் மெல்ல ஏதோ கேட்டார். துரை என்னைத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

"என்ன கேட்டாங்க?"

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்கான்னு. நான் ரெண்டையும் சொல்லிட்டேன். உங்க வீட்டம்மா இப்ப முழுகாம இருக்கறதையும் சொல்லிட்டேன்." விளக்கைத் தணித்துக்கொண்டே, "சொல்லியிருக்கக்கூடாது" என்றார்.

விடிந்தபோது அந்த அம்மாள் போய்விட்டிருந்தார்.

அதற்கப்புறம் நான் நடந்த நடை யாத்திரையே அல்ல. பயம். டிரசர் வேலை பார்க்கிறவன், ரத்தத்தைச் சோதித்துக் காய்ச்சலுக்குக் காரணம் சொல்கிறவன், ஒரு மெழுகுவத்திக்குப் பயந்து செத்தேன். வழியில் பூத்துக் குலுங்கிய மரங்களைத் துரை காட்டியபோது எனக்குக் குளுவாங்கின் பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்பதும் அவற்றின் அடியில் இருக்கும் இரண்டு மேடுகளும்தான் தெரிந்தன. அந்த மேடுகளின் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறதே என்று மனம் நினைத்தது. மனம் போகிற போக்கைப் பாருங்கள். புதுத் தீப்பெட்டி வாங்கி மூன்று காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு போன கோயில்களில் மற்ற மெழுகுவத்திகளிலிருந்து தள்ளி நின்றே சூடம் ஏற்றினேன்.

துரைக்கு நடுவழியில் காய்ச்சல் திரும்பியது. ஊசி போட்டு, கொய்னா கொடுத்து, ஒரு விடுதியில் படுக்க வைத்தேன். பிதற்றலில் அவர் பேசியதெல்லாம் தமிழும் மலாயும். "பால் எத்தனை? மழ நின்னுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விடுதிக்காரர்கள் அவருக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பயந்தார்கள். உடம்பு தேறியதும், இந்த யாத்திரை இதோடு போதும், அடுத்த மலைக்கோயிலோடு முடித்துக்கொள்ளலாம் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். நோயாளியாக இருந்தால் மானேஜரும் டிரசர் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்தக் கோயிலுக்குப் படிகள் ஏறிக்கொண்டே போகவேண்டும். நாங்கள் நின்று நின்று ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்தால், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

துரை படுத்திருந்த நாட்களெல்லாம் அவர் அங்கேயே காத்திருந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை போட்ட கறுப்பு மனிதர் வந்தாரா என்று மலையடியில் எல்லாரிடமும் விசாரித்திருக்கிறார். எங்களைக் கண்டதும் எழுந்து குனிந்தார். நான் சூடம் ஏற்றவேண்டும் என்று சைகையால் கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

தட்டில் சூடத்தை வைத்தேன். தீக்குச்சி ஒரே உரசலில் பற்றிக்கொண்டது. சூடத்தின் வாசனையை அவர் கொஞ்சம் வியப்போடு முகர்ந்தார். அவர்களுக்கு அது பழைய துணிப் பெட்டியின் வாசனை அல்லவா? பிறகு மடியிலிருந்து ஒரு புது மெழுகுவத்தியை எடுத்தார். அதன் திரியை என் சூடத்தின் சுடரில் நீட்டினார்.

"தா போலே!" என்று கத்தினார் துரை.

கூடாது என்று மலாயில் கத்துகிறார், ஒரு ஜப்பான்காரப் பெண்ணிடம்! அவருக்குத் தாய்மொழியே மறந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்கும். கையை எடுக்கவில்லை. தட்டை இழுக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் திரி பற்றிக்கொண்டது.

அவர் பேசியதைத் துரை ஒவ்வொரு வாக்கியமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"என்னோடது உங்ககிட்ட வந்துடிச்சு, அத திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்றாங்க. உங்களோடதும் அதுகூட ஒட்டிக்கிட்டு வருமாம். வரட்டுமாம்." துரை தொப்பியைக் கழற்றினார். "இழக்கறதுக்கு அவங்களுக்கு இனிமே புள்ள இல்லையாம்."

நான் அந்தக் கல் தரையில் அப்படியே விழுந்து அவரைக் கும்பிட்டேன். அவர் பதறிப்போய் எதிரே மண்டியிட்டுக் குனிந்தார். நான் எழுந்தால் அவர் எழுவதில்லை, அவர் எழுந்தால் நான் எழுவதில்லை என்று கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் அவர் மெழுகுவத்தியைத் தாங்கியில் மேல் வரிசையில் நட்டுவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்துச் சரிவில் இறங்கிப் போனார். அவருக்கு இன்னும் எவ்வளவோ கோயில்கள் பாக்கி இருந்தன. கோரைத்தொப்பி மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

துரை ஜப்பானிலேயே தங்கிவிட்டார். பிரியும்போது, "நீங்க நல்லாருக்கணும்" என்றார். கங்காணி சொல்லிக் கொடுக்காத தமிழ் அது.

நான் குளுவாங் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது மரகதத்துக்கு நாள் நெருங்கியிருந்தது. நடந்ததில் ஒரு வார்த்தையும் அவளிடம் மூச்சுவிடவில்லை. பெண் குழந்தை பிறந்தது. நானே வாங்கினேன். குழந்தை அழுத சத்தத்தில் நானும் அழுதேன், யோங் பெங் அக்காவும் அழுதாள். முதல் வாரம் தாண்டிற்று. பிறந்த முப்பதாம் நாள் 'முப்பது' கும்பிட்டு, குழந்தையைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தூக்கிப் போகும் நாளும் வந்தது. குழந்தை அப்போதுதான் முகம் பார்க்க ஆரம்பித்திருந்தாள். எங்களுக்கு அதுதான் பயமான காலம். இரண்டாவது பிள்ளை எங்களை விட்டுப் போனது அந்தப் பருவத்தில்தான்.

கோயிலுக்குக் கிளம்பும்போதுதான் எல்லாவற்றையும் மரகதத்திடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள்.

"அந்தம்மா பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லை.

"பேரு கேக்கலியா? நம்ம பாரத்தை அவங்க தலையில ஏத்திட்டு, பேருகூட கேக்காம வந்தீங்களா?" அவள் கண் நிறைந்துவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் கோயிலுக்கு நடந்தாள்.

பண்டாரம் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்.

"புள்ள பேரு, நட்சத்திரம் சொல்லுங்கம்மா."

"புள்ளைக்கு இல்ல" என்றாள் மரகதம். "வேற ஒருத்தங்களுக்கு. ஜப்பான்ல இருக்காங்க."

"சரி. அவங்க பேரு?"

"தெரியாது."

"நட்சத்திரம்?"

"தெரியாது."

பண்டாரம் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "பேரும் இல்லாம நட்சத்திரமும் இல்லாம ஆத்தாகிட்ட எப்படிம்மா சொல்றது? ஆத்தா யாருன்னு தேடுவா?"

மரகதம் குழந்தையை என் கையில் கொடுத்தாள். தட்டை எடுத்து மறுபடி அவரிடம் நீட்டினாள்.

"என் பேரச் சொல்லுங்க. மரகதம், பூச நட்சத்திரம். எனக்கு வர வேண்டியத அவங்கதானே எடுத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு வர வேண்டியது என் பேருல வரட்டும்."

பண்டாரம் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மணியை எடுத்து ஆட்டி, மரகதம், பூச நட்சத்திரம் என்று ஆத்தாளிடம் சொன்னார். சூடத்தை ஏற்றினார். என் கையிலிருந்த குழந்தை அந்த வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தது.

குழந்தை இப்போது குளுவாங் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். எதிர்த்துப் பேசுகிறாள், அம்மாவைப் போல. மரகதம் தன் பெயருக்கு இன்றுவரை வெள்ளிக்கிழமை தவறாமல் அர்ச்சனை செய்கிறாள். அதில் ஒன்றுகூட அவளுக்காகச் செய்ததில்லை.